பேட்டரியை மாற்றுவதற்கு முன்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு சோலார் வழிகாட்டி

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் சோலார் வைத்த வீடுகளில் வயரிங், இன்வெர்ட்டர் வேலை பார்ப்பது என் தொழில். எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கும். "தம்பி, பேட்டரி போயிருச்சு. புதுசு ஒரு ஜோடி என்ன விலை வரும்?" எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், ராத்திரி ஃபேன் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்பார்கள். ஃபேன் சீக்கிரம் நிற்பதற்குப் பேட்டரி ஒரு காரணம், அவ்வளவுதான். தூசி படிந்த பேனல், லூசான ஒரு நட்டு, தவறாக வைத்த ஒரு செட்டிங், வாட்ச்மேன் தெரியாமல் அணைத்த ஒரு எம்சிபி (லைனைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்), இவையும் அதே வேலையைச் செய்யும். முப்பதாயிரம் பக்கம் செலவு செய்து புது ஜோடி வாங்கிப் போட்ட வீட்டில், பழைய கோளாறு அப்படியே இருந்து புதிய பேட்டரியையும் கெடுப்பதைப் பார்க்கும்போது மனசு தாங்காது. அளந்து பார்க்காமல் பேட்டரியை மாற்றாதீர்கள். அளப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு சோலாரில் பேட்டரி இருக்கிறதா? 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று நம் பக்கம் நிறையப் பேர் பேனல் போட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மின்வாரிய லைனோடு இணைந்தவை, பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். நிற்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்: நம் பேனலில் இருந்து லைனுக்கு மின்சாரம் போனால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. ஆகவே "வெயில் அடிக்கிறது, சோலார் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் இல்லை" என்று கவலைப்படும் ஆச்சிமார்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இனி வருவதெல்லாம் பேட்டரி வைத்த வீடுகளுக்கு. அதிலும் நம் பக்கம் அதிகம் இருக்கும், தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரிக்கு. லித்தியம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்

கையில் மோதிரம், காப்பு, வளையல் எதுவும் வேண்டாம். இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் கண நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். அந்த இடத்தில் மோதிரம் இருந்தால் விரலின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. உள்ளே இருப்பது கந்தக அமிலம். தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவுங்கள், நுரைப்பது நின்றதும் துடைத்துவிடலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் அவசரமாகச் செய்யுங்கள். அது சிமெண்டில் வார்த்த கல். அமிலம் பட்டால் பூவும் நிறமும் அரித்துப்போய் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும், மறுபடி மெருகேற்றினாலும் வராது. பேட்டரிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றை நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சாமி வீட்டுக்குள்ளேயோ அதை ஒட்டிய ஜன்னல் இல்லாத அறையிலேயோ பேட்டரியை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. விளக்கு எரிகிற இடத்தில் பேட்டரி இருக்கவே கூடாது. இன்றே இடம் மாற்றுங்கள்.

மல்டிமீட்டர் சொல்வது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் 20 என்ற இடத்தில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். 24 வோல்ட் அமைப்பாக இருந்தாலும் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மொத்தமாக அளந்தால் நல்ல பேட்டரி கெட்ட பேட்டரியை மறைத்துவிடும்.

நல்ல வெயில் அடித்த ஒரு நாள் சாயங்காலம், பேட்டரி முழுதாக ஏறியிருக்கும் நேரத்தில், முதலில் பேனல் எம்சிபியை அணையுங்கள். அப்புறம் இன்வெர்ட்டரை அணையுங்கள். அப்புறம்தான் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். பேனல் இணைப்பில் இருக்கும்போது பேட்டரியை மட்டும் கழற்றினால், பேனலின் மின்சாரம் போக இடமில்லாமல், பேட்டரிக்கு ஏறும் சார்ஜை அளவாக வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. திரும்ப மாட்டும்போது தலைகீழ்: முதலில் பேட்டரி, கடைசியில் பேனல். ஒரு ராத்திரி அப்படியே ஓய்வாக விட்டு, காலையில் அளங்கள்.

12.5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நிறைவாக இருக்கிறது. 12.1 என்றால் பாதி. 11.8க்கு வந்துவிட்டால் காலி. 12.7 இருந்தால்தான் முழு சார்ஜ் என்று பலர் சொல்வார்கள். அது கார் பேட்டரிக்கான கணக்கு. காரில் அமிலம் கொஞ்சம் அடர்த்தி கூடுதலாக இருக்கும். நம் சோலார் டியூபுலரில் அந்த அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, 1240 அளவில் வைத்திருப்பார்கள், அதற்கு 12.5தான் வரும். 12.7 வரவில்லை என்று நல்ல பேட்டரியைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் முழு நாள் வெயில் ஏறி, ஒரு ராத்திரி ஓய்வெடுத்த பிறகும் 10.5 பக்கம் நின்றால், பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட், அது அப்படியே குறைந்திருக்கும். அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் இல்லை.

இணைப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டு மத்தியானம் வெயிலில் ஒருமுறை அளங்கள். சார்ஜ் ஏறும்போது வோல்ட் மெதுவாக உயர்ந்து 14.4 வரை போக வேண்டும். காலையில் வெயில் பட்ட பத்து நிமிடத்திலேயே 14.4க்கு ஏறி, ஃபேனைப் போட்டதும் மளமளவென்று இறங்கினால், பேட்டரிக்குள் கொள்ளளவு இல்லை. தகடுகளில் சல்பேட் இறுகிவிட்டது. மாறாக, பேனலில் இருந்து நல்ல ஆம்பியர் வந்தும் நாள் முழுக்க 13ஐத் தாண்டவில்லை என்றால் இரண்டில் ஒன்று: பேட்டரி அடிமட்டத்துக்குக் காலியாகிக் கிடக்கிறது, அல்லது ஒரு செல் போய்விட்டது. வெயில் இருந்தும் ஆம்பியரே வரவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு மாடிக்குப் போங்கள்.

மாடியில் தூசியும் பறவை எச்சமும் தவிர, நம் வீடுகளுக்கே உரிய ஒன்று உண்டு. முகப்பின் கைப்பிடிச் சுவரில் நிற்கும் சுதைச் சிற்பங்கள். லட்சுமியும் யாளியும் நிற்கும் அந்தச் சுவரின் நிழல் காலையிலும் மாலையிலும் பேனலின் ஓரத்தில் விழும். பேனலில் செல்கள் வரிசையாகக் கோத்தவை என்பதால், ஓரத்தில் விழும் சின்ன நிழலே அந்தப் பேனலின் உற்பத்தியில் பெரிய பங்கைத் தின்றுவிடும். நான்கடி தள்ளி வைத்தால் தீர்ந்துபோகும் விஷயத்துக்குப் பேட்டரி மாற்றிய வீடு எனக்குத் தெரியும்.

லக்குக்கு அடியில்

நான் போகும் வீடுகளில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பேட்டரியின் ஈய முனையில், கேபிள் முனையில் இருக்கும் செம்பு வளையத்தை, அதாவது லக்கை, வைத்து நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். அமில ஆவி பட்டுப்பட்டு அந்த இரண்டுக்கும் நடுவே வெள்ளையும் பச்சையும் கலந்த ஒரு பொடி வளரும். வெளியே தெரிகிற பொடியைத் துணியால் துடைத்துவிட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே இருப்பது தெரியாது. காரைக்குடியில் செக்ரி இருக்கிறதே, அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம். பேட்டரியும் உலோகம் அரிப்பதும் அங்கே இன்றுவரை ஆராயும் விஷயங்கள். அவ்வளவு பெரிய படிப்புக்கு உரிய சங்கதி நம் வீட்டு லக்குக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நமக்கு மல்டிமீட்டர் போதும்.

வீட்டில் இரண்டு மூன்று ஃபேன், விளக்கு, மிக்ஸி எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட விடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஈய முனையின் மேலேயே அழுத்துங்கள். நட்டின் மேல் அல்ல, ஈயத்தின் மேல். மறுமுனையை அதே முனையில் இருக்கும் செம்பு லக்கின் மேல் அழுத்துங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை, ஆகவே மீட்டர் கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். சில மில்லிவோல்ட் காட்டினால் பரவாயில்லை. 0.2, 0.3 என்று காட்டினால் அந்த இடத்தில் தடை இருக்கிறது. அதே மாதிரி பிளஸ், மைனஸ், இரண்டு பேட்டரியையும் இணைக்கும் குறுக்குக் கேபிள், இன்வெர்ட்டர் முனை என்று ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கால் வோல்ட் போனால் நான்கு மூட்டில் ஒரு வோல்ட். பேட்டரியில் 12 இருக்கும், இன்வெர்ட்டருக்கு 11தான் போய்ச் சேரும். அது பேட்டரி காலி என்று நினைத்து அலாரம் அடித்து நின்றுவிடும். பேட்டரி நிறைந்திருக்க வீடு இருண்டு கிடக்கும்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் இப்படித்தான். மிக்ஸி போட்டால் இன்வெர்ட்டர் கத்துகிறது, ஜோடியையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்றார் அந்த வீட்டு ஆச்சி. அளந்து பார்த்தால் பேட்டரி முனையில் 12.3, இன்வெர்ட்டர் முனையில் 11க்கும் கீழே. கேபிளின் லக்கைக் கழற்றியதும் அடியில் தவிட்டுக் கலரில் ஒரு படலம். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். செல்களின் மேல் இருக்கும் வென்ட் மூடிகள் இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போனால் அமிலம் கெட்டுவிடும். காய்ந்ததும் உப்புத்தாளால் ஈயமும் செம்பும் பளிச்சென்று தெரியும் வரை உரசி, இறுக மாட்டி, அதன் பிறகு மேலே வாஸ்லின் தடவினோம். மாட்டுவதற்கு முன்னால் தடவக் கூடாது. "இதுக்கு எவ்வளவுப்பா?" என்று ஆச்சி கேட்டபோது உப்புத்தாளின் விலையைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இறுக்கும்போது அளவோடு இறுக்குங்கள். ஈயம் மென்மையான உலோகம், பலத்தைக் காட்டினால் முனை கழன்றுவிடும்.

கிராவிட்டி

வோல்ட் முழுப் பேட்டரியின் நிலையைச் சொல்லும். எந்தச் செல் கெட்டது என்பதை ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை இருக்கும் சாதாரண ஹைட்ரோமீட்டர்தான். ரப்பர் குமிழை அமுக்கி, செல்லுக்குள் விட்டு, மிதவை பக்கச் சுவரில் ஒட்டாமல் மிதக்கும் அளவுக்கு உறிஞ்சி, கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். படித்ததும் அதே செல்லுக்குள்ளேயே திரும்ப விடுங்கள். ஆறு செல்லையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஓர் உதாரணம்: 1235, 1240, 1235, 1150, 1240, 1235. நான்காவது செல் தனியாக விழுந்துகிடப்பது கண்ணுக்கே தெரிகிறது. செல்லுக்குச் செல் முப்பது புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டும், இங்கே தொண்ணூறு. ஆறுமே 1150, 1160 என்று ஒன்றுபோல் இறங்கியிருந்தால் நிலைமை வேறு. அங்கே செல் கெடவில்லை, பேட்டரிக்குச் சாப்பாடு போதவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறைய நல்ல பேட்டரி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள், மேலே தண்ணீர் நிற்கும், கலக்க ஒரு நாள் சார்ஜ் ஏற வேண்டும். வெயில் காலத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏழு புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டும். சித்திரை மாதம் அமிலத்தின் சூடு 42 இருந்து மீட்டர் 1230 காட்டினால், உண்மையில் அது 1240.

கிராவிட்டி குறைந்திருக்கிறது என்று சிலர் அமிலம் வாங்கி ஊற்றுவார்கள். செய்யவே கூடாது. அமிலம் எங்கும் போய்விடவில்லை, தகட்டில் சல்பேட்டாக ஒட்டியிருக்கிறது. சார்ஜ் ஏறினால் அதுவே திரும்பி வரும். மேலே புதிதாக ஊற்றினால் தகடுதான் அரிக்கும்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் உப்பைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆர்ஓ தண்ணீரும் ஆகாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிக்கும் மழைத் தண்ணீர் சுத்தம்தானே என்று கேட்பார்கள். குடிக்க, சமைக்க அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் ஓட்டிலும் தகரத் தூம்பிலும் இறங்கி வரும் தண்ணீரில் இரும்பும் தூசியும் கலந்திருக்கும், பேட்டரிக்கு இரும்பு விஷம். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு குறியீடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும்.

தண்ணீர் குறையும் வேகமும் ஒரு தகவல்தான். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் சார்ஜ் வோல்ட் அதிகம். ஒரே ஒரு செல் மட்டும் தண்ணீர் குடித்தால் அந்தச் செல்லில் கோளாறு. ஒரு வருடமாகத் தண்ணீரே குறையவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், பேட்டரி ஒருநாளும் முழுதாக ஏறவில்லை என்று அர்த்தம்.

பூட்டிய வீடு

செட்டிநாட்டில் பேட்டரி சாவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் அனுபவம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வருவார்கள். கிளம்பும்போது பாதுகாப்புக்காக எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வாட்ச்மேன் அண்ணன் விசுவாசமாக எல்லாவற்றையும் அணைப்பார், பேனல் எம்சிபியையும் சேர்த்து. ஆனால் இன்வெர்ட்டர் மட்டும் ஆனில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று பதினைந்து வாட்டாவது எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 360 வாட் அவர். 12 வோல்ட், 150 ஆம்ப் அவர் பேட்டரியில் இரண்டையும் பெருக்கினால் மொத்தமே 1800 வாட் அவர். ஐந்து நாளில் அடிமட்டம். அதன் பிறகு மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும். காலிப் பேட்டரியில் தகட்டின் மேல் படியும் ஈய சல்பேட் முதலில் மென்மையாக இருக்கும். நாளாக நாளாகக் கட்டியான பளிங்காக இறுகிவிடும். இறுகியது சாதாரண சார்ஜில் கரையாது. இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் போனாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக.

ஆகவே வீட்டைப் பூட்டும்போது செய்ய வேண்டியது: லோடு போகும் சுவிட்சுகளையும் இன்வெர்ட்டரின் அவுட்புட்டையும் அணையுங்கள், பேனல் எம்சிபியை மட்டும் ஆனிலேயே விடுங்கள். சில மாடல்களில் இன்வெர்ட்டரை முன்பக்கச் சுவிட்சில் அணைத்தாலும் சோலார் சார்ஜ் நடந்துகொண்டே இருக்கும், சிலவற்றில் நின்றுவிடும். மத்தியானம் அணைத்துவிட்டுப் பேட்டரியில் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும், 13.5க்கு மேல் காட்டினால் சார்ஜ் நடக்கிறது. பேனல் எம்சிபியின் மேல் சிவப்பு டேப் ஒட்டி "இதை அணைக்க வேண்டாம்" என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். இது நான் போகும் எல்லா வீட்டிலும் செய்யும் வேலை. சார்ஜ் நடந்துகொண்டே இருப்பதால் தண்ணீர் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பங்குனி முதல் ஆடி வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யாராவது பார்க்க வேண்டும். வாட்ச்மேனிடம் டிஸ்டில்ட் வாட்டர் கேனையும் ஒரு டார்ச்சையும் கொடுத்து, பேட்டரியின் மேல் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால் அழகாகச் செய்வார்கள்.

ஏற்கெனவே காலியாகக் கிடந்த பேட்டரியை ஒருமுறை காப்பாற்றிப் பார்க்கலாம். இதற்கு ஈக்வலைசேஷன் சார்ஜ் என்று பெயர். நல்ல கன்ட்ரோலர்களில் இதற்குத் தனி செட்டிங் இருக்கும். வென்ட் மூடிகள் வழி வாயு வெளியேற ஜன்னல்களைத் திறந்து, பேட்டரியில் நேரடியாக இணைந்த டிசி விளக்குகளைக் கழற்றிவிட்டு, குறைந்த ஆம்பியரில், 150 ஆம்ப் அவர் பேட்டரிக்கு ஐந்து ஆம்பியர் அளவில், 15 வோல்ட்டை ஒட்டி ஏற விடுங்கள். மணிக்கொருமுறை கிராவிட்டி எடுங்கள். தொடர்ந்து மூன்று அளவில் ஏற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். அமிலம் 50 டிகிரி சூட்டைத் தொட்டால் உடனே நிறுத்தி ஆற விடுங்கள். மூடிய வகைப் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் இதைச் செய்யவே கூடாது. படைப்புக்கு ஊரே வந்து இறங்கும் நாளில் இதைச் செய்ய முடியாது. ஒரு வாரம் முன்னால் ஆளை அனுப்பிச் செய்துவையுங்கள்.

எந்த இடம், என்ன செட்டிங்

பத்து டிகிரி சூடு கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாடியில் தகரக் கொட்டகை போட்டு உள்ளே வைப்பது நம் ஊர் வெயிலில் பேட்டரிக்குச் செய்யும் அநியாயம். நாட்டு ஓடும் கனத்த சுவரும் கொண்ட வீட்டைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர்கள். இரண்டாம் கட்டு மாடிப்படிக்கு அடியிலோ காற்றோட்டமான வடக்குப் பக்க அறையிலோ வையுங்கள். கன்ட்ரோலரோடு வெப்பம் அறியும் ஒரு சின்ன ஒயர் வந்திருக்கும். பல வீடுகளில் அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. அதைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டினால், 42 டிகிரியில் சார்ஜ் வோல்ட்டை 14.4இலிருந்து 14 அளவுக்குத் தானாகக் குறைத்துக்கொள்ளும். தண்ணீரும் மிச்சம், தகடும் மிச்சம்.

இன்வெர்ட்டரில் பேட்டரி வகை டியூபுலர் என்று வைத்திருக்கிறதா, ஆம்ப் அவர் சரியா என்று பாருங்கள். 150க்குச் சார்ஜ் 15 ஆம்பியர் பொருத்தம். 24 வோல்ட் ஜோடியில் ஒன்று சார்ஜில் 15.3ம் மற்றது 13.2ம் காட்டினால், குறைவாகக் காட்டுவதன் கிராவிட்டியை முதலில் எடுங்கள். பழையதோடு புதியதைச் சேர்த்து மாட்டாதீர்கள், பழையது புதியதையும் கீழே இழுத்துவிடும்.

எல்லாம் சரி, ஆனாலும் பாதி ராத்திரியில் நிற்கிறது என்றால் வரவு செலவைப் பார்க்க வேண்டும். 300 வாட் பேனல் நல்ல நாளில் எல்லாக் கழிவும் போக 1000 வாட் அவர் பக்கம் கொடுக்கும். பழைய ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 1200. பேட்டரி தினமும் கடனில்தான் காலையைப் பார்க்கிறது. அதற்கு எத்தனை புது பேட்டரி வாங்கினாலும் தீராது. அந்த இரண்டு ஃபேனையும் மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி வகை ஃபேனாக மாற்றினால் செலவு 480க்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலே இல்லாத நாட்களில் மின்வாரிய கரண்டிலிருந்து சார்ஜ் ஏறும்படி செட்டிங்கை மாற்றிவிடுங்கள், தையில் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

லித்தியம் வைத்தவர்களுக்கு

இதில் தண்ணீர் இல்லை, கிராவிட்டி இல்லை. வோல்ட்டை வைத்து எவ்வளவு மிச்சம் என்றும் சொல்ல முடியாது, ஏறக்குறைய முழுவதும் 13ஐ ஒட்டியே நின்று கடைசியில் சட்டென்று விழும். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட்தான் எல்லாம். முனையில் மீட்டர் சைபர் காட்டினால் பேட்டரி செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். மிகவும் காலியானாலோ சூடானாலோ பிஎம்எஸ் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். சூடு ஆறியதும், அல்லது சார்ஜர் கொடுத்ததும் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். டியூபுலரை எடுத்துவிட்டு லித்தியம் போட்ட வீடுகளில் இன்வெர்ட்டர் செட்டிங்கை மாற்றாமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது, அதை முதலில் பாருங்கள். பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால், ஈக்வலைசேஷனுக்குப் பிறகும் ஒரு செல் தனியாக விழுந்துகிடந்தால், அல்லது நிறைந்த 150 ஆம்ப் அவர் பேட்டரி ஒன்றில் 120 வாட் குண்டு பல்பு லோடு பத்து மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம்கூட ஓடவில்லை என்றால், மாற்ற வேண்டியதுதான். கடைக்குப் போகும்போது உங்கள் நோட்டை எடுத்துப் போங்கள். வாரண்டி இருந்தால் தேதி போட்ட கிராவிட்டி அளவுகளுக்கு எதிரே யாரும் சும்மா பேச முடியாது.

பழைய பேட்டரியை அமிலத்தோடு அப்படியே கடையில் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று முறையாக உருக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. எடை கூடுதலாகத் தருகிறேன் என்று தெருவில் வருபவரிடம் கொடுத்தால், அமிலத்தை எங்காவது கால்வாயில் கொட்டுவார்; அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது ஊருணியில். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம்.

புதியதை வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதமாக இருப்பது நல்லது. மல்டிமீட்டரைக் கடைக்கே கொண்டுபோய் அளங்கள். 12.4க்குக் கீழே காட்டினால், அது கடையில் நாள்பட்டுக் கிடந்தது. வேறு ஜோடி எடுத்துவரச் சொல்லுங்கள்.